மணி பிளான்ட்டும் ஒரு காலத்துல அபூர்வம்தான்!

2021 ஜூன் மாசம் நியூஸிலாந்துல ஒரு தொட்டிச் செடி இணைய ஏலத்துக்கு வந்தது. மொத்தம் ஒன்பது இலை. ஏலம் முடிஞ்சப்ப விலை 27,100 நியூஸிலாந்து டாலர். நம்ம காசுல பதினாலு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட. தாய்லாந்துத் தெற்குப் பக்கமும் மலேசியாவிலும் காட்டுல தானா வளர்ற ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மாங்கிற கொடிதான் அது. சாதாரணமா இலை முழுக்கப் பச்சையா இருக்கும். ஏலத்துக்கு வந்ததுல இலை பாதி பச்சை, பாதி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. அந்த வெள்ளைக்குத்தான் பதினாலு லட்சம்!

வாங்கினவரைக் கிண்டல் பண்றதுக்காக இதை எழுதல. அவர் காசு, அவர் ஆசை. ஆனா அந்தச் செடிக்கு ஒரு ஒன்னுவிட்ட அக்கா உண்டு. அந்த அக்கா நம்ம எல்லார் வீட்டு ஜன்னல்லயும் ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்கு. மணி பிளான்ட்! யாரும் அதைக் காசு குடுத்து வாங்குறது கூட இல்ல. "திருடி வெச்சாத்தான் நல்லா வரும்"னு ஒரு சாக்கு வேற வெச்சிருக்கோம். :-)

இந்த அக்காவும் ஒரு காலத்துல ஐரோப்பாவுல கண்ணாடி வீட்டுக்குள்ள பொத்திப் பொத்தி வளர்த்த அபூர்வச் செடிதான். அங்கேருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு எப்படி இறங்குச்சு? இந்தக் கதையில எங்க ஊர்ப் பக்கம் நாலு இடத்துல வருது. அதனால கொஞ்சம் உரிமையோடவே சொல்றேன்.

எங்க ஊர்ப் பக்கம்

கோட்டுச்சேரிமேடு காரைக்கால் மாவட்டத்துல ஒரு மீனவ கிராமம். கிழக்க வங்கக் கடல், மேற்க காவிரிப் படுகையோட கடைசி வயல்கள். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல சேர்ந்தது, ஆனா சுத்தி இருக்கிறது தமிழ்நாடு. 1739ல பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்த ஊர், 1954 நவம்பர் 1 அன்னைக்கு இந்தியாவோட சேர்ந்தது. அதாவது எங்க தாத்தா தலைமுறை பிரெஞ்சுக் கொடிக்குக் கீழ பொறந்தவங்க. இந்தக் கொடியை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

கடற்கரையோரமா வடக்க கொஞ்சம் போனா தரங்கம்பாடி. அது டேனிஷ்காரங்க ஊர். அங்க 1768ல யோஹான் கெர்ஹார்ட் கோனிக்னு ஒரு டாக்டர் வந்து இறங்கினார். செடிகளுக்கு ரெட்டைப் பேர் வைக்கிற முறையை நிலைநிறுத்தின லின்னேயஸ் கிட்டயே படிச்சவர். மிஷன் வைத்தியர்ங்கிறது உத்தியோகம், செடி சேக்கிறது பைத்தியம். நம்ம வீட்டுக் கொல்லையில இருக்கிற கறிவேப்பிலைக்கு அறிவியல் பேர்ல "கோனிகி"ன்னு வால் இருக்கே, அது இந்தத் தரங்கம்பாடி டாக்டர் பேர்தான். அவருக்குப் பின்னாடி 1776ல வந்த ராட்லர் பாதிரியாரும் செடிப் பைத்தியம். தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர்.

இவங்க எல்லாம் ஐரோப்பாவுக்கு அனுப்பினது பெரும்பாலும் காஞ்ச செடிகள். காகிதத்துக்கு நடுவுல வெச்சு அழுத்தி, காய வெச்சு, கட்டி அனுப்புவாங்க. உயிரோட அனுப்புறதுங்கிறது அன்னைக்குப் பெரும்பாடு. ஆறு மாசம் கப்பல் பயணம், உப்புக் காத்து, கடல் தண்ணி தெறிக்கும், குடிதண்ணிக்கே அளவு. மனுஷனுக்கே தண்ணி இல்லாதப்ப செடிக்கு யார் ஊத்துவா? சீனாவுல இருந்த ஜான் லிவிங்ஸ்டன்னு ஒரு டாக்டர் 1819ல போட்ட கணக்குப்படி, அங்கேருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏத்தின செடிகள்ல ஆயிரத்துக்கு ஒண்ணுதான் உயிரோட போய்ச் சேந்தது.

அன்னைக்கு வெப்பமண்டலச் செடி ஐரோப்பாவுல அபூர்வமா இருந்ததுக்கு முதல் காரணம் இதுதான். நம்ம பக்கம் வேலியோரம் கேப்பாரில்லாம கெடக்கிறது கூட அங்க அபூர்வம். கடல் தாண்ட முடியல, அவ்வளவுதான்.

பாட்டில்ல முளைச்ச செடி

இந்தக் கணக்கை மாத்தினவரும் ஒரு டாக்டர்தான். நதானியேல் வார்ட், லண்டன் கிழக்குப் பக்கம் கப்பல்துறைக்குக் கிட்ட வைத்தியம் பாத்தவர். பெரணிச் செடி வளர்க்கணும்னு ஆசை. ஆனா நிலக்கரிப் புகை எல்லாத்தையும் கொன்னுடுச்சு. 1829ல ஒரு கூட்டுப்புழுவை ஈர மண்ணோட கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடி வெச்சார். அந்துப்பூச்சி வெளிய வர்றதைப் பாக்கணும்னு. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா, மண்ணுல பெரணியும் புல்லும் முளைச்சிருக்கு! பகல்ல ஈரம் ஆவியாகி கண்ணாடியில படியுது, குளுந்ததும் மண்ணுக்கே திரும்பி வருது. வெளியில இருந்து ஒரு சொட்டு ஊத்த வேண்டாம். அந்த பாட்டில் செடிங்க ஏறத்தாழ நாலு வருஷம் அப்படியே வாழ்ந்தது. மூடி துருப்பிடிச்சு மழைத்தண்ணி உள்ள போனதும்தான் அழுகிச்சு.

வார்ட் இதையே பெருசாக்கி மரச் சட்டத்துல கண்ணாடி பதிச்ச பெட்டியா செஞ்சார். 1833ல ரெண்டு பெட்டியில பெரணியும் புல்லும் வெச்சு சிட்னிக்கு அனுப்பினார். நல்லபடியா போய்ச் சேந்தது. திரும்பி வரும்போது ஆஸ்திரேலியச் செடிகளை வெச்சு அனுப்பினாங்க. பனி கொட்டுற கேப் ஹார்ன் முனையைச் சுத்தி வந்து லண்டன்ல இறங்கினப்பவும் பச்சையா இருந்துச்சாம். 1842ல இதைப் பத்தி புத்தகமே போட்டுட்டார்.

அதுக்கப்புறம் உலகம் முழுக்க செடி நகர ஆரம்பிச்சது. 1848ல இருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவுல இருந்து தேயிலையை இமயமலைப் பக்கம் கொண்டு வந்தது இந்தப் பெட்டியிலதான். 1860-61ல தென்னமெரிக்காவுல இருந்து சின்கோனா நம்ம நீலகிரிக்கு வந்ததும் இப்படித்தான். மலேரியாவுக்குக் குடுக்கிற கொய்னா எடுக்கிற மரம். தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் தோட்டம் போட்டாங்க. ஊட்டிப் பக்கம் போறவங்க நடுவட்டத்துல நின்னு ஒரு டீ குடிக்கும்போது இதை நினைச்சுக்கலாம்.

பிரெஞ்சுக்காரங்க மட்டும் சும்மா இருப்பாங்களா? புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826லயே ஆரம்பிச்சாச்சு. அங்க பொறுப்புல இருந்த சாமுவேல் பெரொத்தே அதுக்கு முன்னாடியே பிலிப்பைன்ஸ், ஜாவா எல்லாம் சுத்தி, செடிகளை ரீயூனியன் தீவுக்குக் கொண்டு போனவர். நீலகிரியில அலைஞ்சு செடி சேத்தவர். 1870ல புதுச்சேரியிலயே காலமானார்.

அதே கடல், வேற சரக்கு

இந்த இடத்துல ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக மனசு வரல.

வார்ட் பெட்டி கடல் தாண்டின அதே வருஷங்கள்ல எங்க ஊர்க் கரையில இருந்து மனுஷங்களும் போனாங்க. அடிமை முறையை பிரான்ஸ் 1848ல ஒழிச்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்ல. 1853ல இருந்து 1880கள் வரைக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள்ல ஒப்பந்தக் கூலியா ஏத்தி மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு அனுப்பினாங்க. ரீயூனியனுக்கு அதுக்கும் முன்னாடியே போக ஆரம்பிச்சாச்சு. வயித்துக்கில்லாத சனம். திரும்பி வந்தவங்க கொஞ்சம், தங்கிட்டவங்க நிறைய. இன்னைக்கும் அந்தத் தீவுகள்ல மாரியம்மனுக்குப் பூஜை நடக்குது.

செடிப் பெட்டியை வெளிச்சம் படணும்னு மேல்தளத்துல வெப்பாங்க. கண்ணாடி உடைஞ்சா உடனே சரி பண்ணணும்னு கேப்டனுக்குக் குறிப்பு எழுதிக் குடுப்பாங்க. கூலிக்குப் போனவங்க இருந்தது கீழ்த்தளத்துல, கூட்டத்துல கூட்டமா. மூச்சு முட்டியும் காலராவிலும் கடல்லயே போனவங்க உண்டு. செடி வரலாறு எழுதுறவங்க வார்ட் பெட்டியைப் பத்தி எழுதுறப்ப கீழ்த்தளத்தைப் பத்தி எழுதறதில்ல. காரைக்கால்காரன் எழுதினா எழுதாம இருக்க முடியாது.

இலைக்குப் பைத்தியம் பிடிச்ச காலம்

சரி, மறுபடி செடிக்கு வருவோம். 1860களுக்கு அப்புறம் ஐரோப்பாவுல பணக்காரங்க நடுவுல புதுசா ஒரு மோகம். பூவை விட்டுட்டு இலையைப் பாத்து மயங்க ஆரம்பிச்சாங்க. வண்ண இலை, கோடு போட்ட இலை, ஓட்டை விழுந்த இலை. இங்கிலாந்துல கண்ணாடி மேல இருந்த வரியை 1845ல எடுத்துட்டாங்க. அதனால கண்ணாடி வீடு கட்டுறது சல்லிசாச்சு. கப்பல்ல செடி உயிரோட வருது. அப்புறம் என்ன? நர்சரிக்காரங்க கூலிக்கு ஆள் வெச்சு தீவு தீவா அனுப்பினாங்க.

வீச்னு இங்கிலாந்துல ஒரு பெரிய நர்சரிக் குடும்பம். அதுல ஜான் கூல்ட் வீச் 1864-66ல தென்கடல் தீவுகளுக்குப் போய் கலர் கலரா குரோட்டன்ஸ் கொண்டு வந்தார். நம்ம ஊர்ல இந்த வார்த்தை என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல? அழகுக்கு வெக்கிற எல்லாச் செடிக்கும் "குரோட்டன்ஸ்"னு பேராயிடுச்சு. பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல நாலு குரோட்டன்ஸ், கல்யாண மண்டபத்துல நாலு குரோட்டன்ஸ். இதுல ஒரு வேடிக்கை. தாவரவியல்ல குரோட்டன்ங்கிற பேருக்கு உரிமையான பேரினம் வேற. அதுல ஒண்ணு நம்ம நாட்டு மருந்துக்கடை நேர்வாளம். பேதிக்குக் குடுப்பாங்களே அதுவேதான்! வாசல்ல நிக்கிற அழகுக் குரோட்டன்ஸுக்கு புத்தகத்துல பேர் கோடியேயம்.

இந்த இலை வியாபாரத்துல பெரிய கை ழான் லின்டென். லக்ஸம்பர்க்ல பொறந்து, பெல்ஜியம் அரசாங்கத்துக்காக தென்னமெரிக்காவுல செடி தேடி, அப்புறம் நர்சரி வெச்சு ராஜாவாட்டம் வாழ்ந்தவர். பெல்ஜியத்துல கென்ட் நகரத்துல இருந்து வந்த தோட்டக்கலைப் பத்திரிகையில, பிரெஞ்சுத் தோட்டக்கலைக்காரர் எத்வார் ஆந்த்ரேயோட சேந்து புதுச் செடிகளைப் படம் போட்டு அறிமுகம் பண்ணுவார். பத்திரிகையைப் பாத்து பணக்காரங்க ஆர்டர் குடுப்பாங்க. இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல நடக்கிறதேதான், கொஞ்சம் மெதுவா.

1880ல அந்தப் பத்திரிகையில ஒரு கொடி வந்தது. இதய வடிவ இலை, பச்சையில மஞ்சள் தெளிச்ச மாதிரி. போத்தோஸ் அவ்ரியஸ்னு பேர் வெச்சாங்க. அவ்ரியஸ்னா பொன்னிறம்.

மக்களே, நம்ம மணி பிளான்ட் உலக மேடையில ஏறின நாள் அது!

ஒரே கொடிக்குக் கீழ

இதோட சொந்த ஊர் எது? சாலமன் தீவுகள்னு ரொம்ப காலம் புத்தகங்கள்ல எழுதிக்கிட்டிருந்தாங்க. இன்னைக்குத் தாவரவியலாளர்கள் சொல்றது மொரேயா தீவு. தஹிதிக்குப் பக்கத்துல, பசிபிக் கடல் நடுவுல ஒரு சின்ன மலைத் தீவு.

இப்ப அந்தக் கொடியை எடுங்க. தஹிதியோட கடைசி ராஜா ஐந்தாம் பொமாரே தன்னோட நாட்டை பிரான்ஸுக்கு எழுதிக் குடுத்தது 1880 ஜூன் 29. மொரேயாவும் அதோட போச்சு. செடிக்கு லத்தீன் பேர் வெச்ச அதே வருஷம், அதோட ஊருக்கும் பிரெஞ்சுக் கொடி ஏறிடுச்சு. அன்னைலேருந்து 1954 வரைக்கும் 74 வருஷம் மொரேயாவும் காரைக்காலும் ஒரே கொடிக்குக் கீழ இருந்த ஊர்கள். பாட்டில்ல நிக்கிற மணி பிளான்ட்டை எங்க ஊர்ல அந்நியச் செடின்னு சொன்னா எனக்குச் சிரிப்பு வர்றது அதனாலதான். எங்க தாத்தாவுக்கு அது ஒரு வகையில சக குடிமகன்!

பேர் மட்டும் நிலையா நிக்கல. 1908ல எங்க்லர் இதை ஸ்கின்டாப்ஸஸ் பேரினத்துக்கு மாத்தினார். (நம்ம சித்த மருந்துல வர்ற ஆனைத்திப்பிலிக்கு அந்தப் பேர்தான்.) 1962ல பூவைப் பாத்துட்டு ராஃபிடோஃபோரான்னாங்க. ஆமா, பதினாலு லட்சம் போச்சே, அந்தச் செடியோட அதே பேரினம். அடுத்து 1964ல எபிப்ரெம்னம் அவ்ரியம்னு மாத்தினாங்க. இன்னைக்கும் அதான் பேர். நர்சரிக்காரங்க இதையெல்லாம் கண்டுக்காம 1880 பேரையே வெச்சு "போத்தோஸ்"னு வித்துக்கிட்டிருக்காங்க.

பூக்காத செடி எப்படிப் பரவுச்சு?

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. உங்க வீட்டு மணி பிளான்ட் பூத்துப் பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. 1960களுக்கு அப்புறம் தானா பூத்ததா அறிவியல் பதிவே இல்ல. 2016ல ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணம் கண்டுபிடிச்சாங்க. பூக்குறதுக்கு ஜிப்ரெலின்னு ஒரு ஹார்மோன் வேணும். அதைத் தயாரிக்கிற ஒரு மரபணு இந்தச் செடியில சரியா வேலை செய்யல. வெளியில இருந்து அந்த ஹார்மோனைத் தெளிச்சா பூக்குது!

பூ இல்லேன்னா விதை இல்ல. விதை இல்லேன்னா காத்து, குருவி, வௌவால் எதுவும் இதைக் கடல் தாண்டித் தூக்கிட்டுப் போக முடியாது. அப்புறம் எப்படி உலகம் முழுக்க? ஒரே வழிதான். ஒருத்தர் கணுவோட ஒடிச்சுக் குடுக்கணும், இன்னொருத்தர் வாங்கித் தண்ணியில போடணும். முருங்கைப் போத்து குடுக்கிற மாதிரி. பசிபிக் தீவுல இருந்து கோட்டுச்சேரிமேட்டு ஜன்னல் வரைக்கும் இந்தச் செடி வந்த ஒவ்வொரு தாவலுக்கும் நடுவுல ஒரு மனுஷக் கை இருக்கு. அதுமட்டுமில்ல, ஒடிச்சு வெக்கிறது புதுச் செடி கிடையாது. அதே செடியோட நீட்சிதான்.

அபூர்வம்ங்கிற பட்டத்தை இது இழந்தது இப்படித்தான். யாரும் மலிவாக்கணும்னு திட்டம் போடல. கேட்டவங்களுக்கெல்லாம் ஒடிச்சுக் குடுத்தாங்க, முடிஞ்சது.

அளவு மீறினா என்ன ஆகும்ங்கிறதுக்கும் சாட்சி இருக்கு. கண்டியில உடவத்தகெலே காட்டுக்குள்ள யாரோ வெச்ச இந்தக் கொடி ஏக்கர் கணக்குல தரையை மூடி, மரமேறி நிக்குது. அங்க போய்ப் பாத்தா அடையாளமே தெரியாது. மரம் கிடைச்சு மேல ஏறினா இலை முறத்தை விடப் பெருசாகி, ஓரத்துல கிழிஞ்சு கிழிஞ்சு நிக்கும். பாட்டில்ல இருக்கிறது சாகுற வரைக்கும் கொழந்தைதான். அதனால வேண்டாம்னா குப்பையில காய வெச்சுப் போடுங்க. ஆத்தங்கரை, தோப்பு, காட்டு ஓரத்துல வீசாதீங்க.

உப்புக் காத்துல இலைச் செடி

கடற்கரையில வீட்டுக்குள்ள இலைச் செடி வளர்க்கிறது கொஞ்சம் வில்லங்கம். நிலத்தடித் தண்ணி உப்பு. காத்தும் உப்பு. மென்மையான இலைன்னா ஓரம் பழுப்பா கருகும். எங்க சொந்தக்காரங்க வீடுகள்ல பாத்து வந்த பழக்கத்தைச் சொல்றேன்.

- தண்ணியில வெச்சா மழைத்தண்ணி இல்லேன்னா குடிக்கிற தண்ணி. போர் தண்ணி வேண்டாம்.
- கடல் பாத்த ஜன்னல்ல வெக்காதீங்க. வீட்டுக்குள்ள, வெயில் நேரா படாம வெளிச்சம் மட்டும் வர்ற இடம்.
- வெறும் இலைக்காம்பை வெச்சா வேர் விட்டு மல்லுக்கட்டும், கொடி வராது. கணு இருக்கணும். கணுவுல மொட்டு மாதிரி பழுப்பா முட்டிட்டு இருக்கும் பாருங்க, அதுதான் வேர்.
- வாரம் ஒரு தடவை பாட்டிலைக் கழுவித் தண்ணி மாத்துங்க. டெங்கு கொசு முட்டை போடுறது இந்த மாதிரி நல்ல தண்ணியிலதான்.
- சின்னப் பசங்க, பூனை வாயில வெக்காம பாத்துக்கணும். இது சேம்பு, சேனைக்கிழங்கு குடும்பம். சேனை வெட்டினா கை ஏன் அரிக்குதோ, அதே ஊசிப் படிகம்தான் இதுலயும் இருக்கு. வாயில பட்டா எரியும், வீங்கும்.

எங்க அத்தை ஒருத்தங்க வீடு கோட்டுச்சேரிமேட்டுல கடலுக்கு ரொம்பக் கிட்ட இருந்தது. ஜன்னல் கம்பி முழுக்க மணி பிளான்ட் சுத்தி விட்டிருப்பாங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ஒடிச்சுக் குடுக்கிறது வழக்கம். மாமா கூட திட்டுவார், "கொடியை மொட்டை அடிச்சுட்டியே"ன்னு. 2004 டிசம்பர் 26 காலையில கடல் உள்ள வந்தப்ப வீட்டுல ஆளுங்க தப்பிச்சாங்க. மத்தது எதுவும் மிஞ்சல. கட்டுமரம் போச்சு, வலை போச்சு, பாத்திரம் பண்டம் போச்சு. செடியைப் பத்தி அப்ப யார் நினைப்பா?

ரெண்டு வருஷம் கழிச்சுப் புது வீடு வந்தது. குடி போன அன்னைக்கு நெடுங்காட்டுல இருந்து அவங்க தங்கச்சி வந்தாங்க. கையில ஒரு பாட்டில். "ஒன்னோடதுதான் அக்கா. நீ குடுத்ததுலேருந்து ஒடிச்சேன்"னாங்க. அத்தை அதை வாங்கி ஒண்ணும் சொல்லாம ஜன்னல்ல வெச்சாங்க. தாவரவியல் படி பாத்தாலும் தங்கச்சி சொன்னது நெஜம். அது அத்தையோட பழைய செடியேதான், வேற செடி இல்ல. அள்ளிக் குடுத்ததால பொழைச்சது.

இன்னைக்கு அபூர்வம்

2020 ஊரடங்குல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த உலகத்துக்கு மறுபடியும் இலைப் பைத்தியம் பிடிச்சது. 1880ல கண்ணாடி வீடு, இப்ப செல்போன். எங்க ஊர்ப் பசங்களும் விதிவிலக்கு இல்ல. போன வருஷம் சொந்தத்துல ஒரு தம்பி ஆன்லைன்ல எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வெள்ளை இலைச் செடி பாத்து வெச்சிட்டு, "அண்ணே, வாங்கலாமா, பின்னாடி ஒடிச்சு வித்துரலாம்"னான். அவன்கிட்ட சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

ஒண்ணு. இலையில வெள்ளையா இருக்கிற இடத்துல பச்சையம் கிடையாது. அங்க சாப்பாடு தயாராகாது. அதனால செடி மெதுவா வளரும், சீக்கிரம் ஒடிச்சு விக்க முடியாது. அதனாலதான் அபூர்வம். அதோட, அடுத்த இலை முழுப் பச்சையாவோ முழு வெள்ளையாவோ வரலாம். முழுப் பச்சைன்னா விலை போச்சு, முழு வெள்ளைன்னா செடியே போச்சு.

ரெண்டு. பிங்க் காங்கோன்னு ஒரு ஃபிலோடென்ட்ரான் கொஞ்ச வருஷம் முன்னாடி நல்ல விலைக்குப் போச்சு. இலை ரோஸ் கலர்ல ஜொலிக்கும். அது பிறவிக் கலர் இல்ல, ரசாயனம் போட்டு வரவெச்சது. சில மாசத்துல பச்சையாயிடுச்சு. வாங்கினவங்க நிலைமையைச் சொல்லணுமா?

மூணு. அபூர்வம்ங்கிறது இப்ப லேப் கையில. திசு வளர்ப்புன்னு ஒண்ணு இருக்கு. நம்ம வாழைக்கன்னு வர்ற அதே வழி. தாய்லாந்து லேப்ல வந்த மான்ஸ்டெரா தாய் கான்ஸ்டலேஷன் முதல்ல யானை விலை குதிரை விலை. ஆயிரக்கணக்குல வளர்த்து இறக்கினதும் விலை தரைக்கு வந்துடுச்சு. இன்னைக்கு எட்டாயிரம் குடுத்து வாங்குறது நாளைக்கு வாரச் சந்தையில நிக்கும்.

நாலாவதுதான் முக்கியம். காட்டுல இருந்து பிடுங்குறது. 2020ல பிலிப்பைன்ஸ்ல காட்டுச் செடிகளைத் திருடி விக்கிறது அதிகமாகி அரசாங்கமே எச்சரிக்கை விட்டுச்சு. தென்னாப்பிரிக்காவுல சின்னச் சின்னக் கல் மாதிரி இருக்கிற பாலைவனச் செடிகளை மூட்டை மூட்டையா கடத்திப் பிடிபட்டிருக்காங்க. அதுல சிலது உலகத்துலயே ஒரே ஒரு மலைச் சரிவுலதான் இருக்கும். அங்க அபூர்வம்னா, பிடுங்கினா தீந்துச்சுன்னு அர்த்தம். ஏலத்துல வர்ற அபூர்வமும் அதுவும் ஒண்ணில்ல. வாங்குறதுக்கு முன்னாடி "இது எங்க வளர்த்தது?"ன்னு கேளுங்க. விக்கிறவர் மழுப்பினா விட்ருங்க.

தம்பி எட்டாயிரத்துக்கு அதை வாங்கல. அத்தை ஜன்னல்ல இருந்து ஒரு கணு ஒடிச்சுட்டுப் போனான். (கேட்டுத்தான் வாங்கினான், திருடல!) அவன் ரூம் மேட்டு ஒருத்தன் அதுல பாதியை ஒடிச்சுட்டுப் போய்ட்டானாம்.

உங்க வீட்டு மணி பிளான்ட் யார் குடுத்ததுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. ரெண்டு மூணு கை பின்னாடி போக முடிஞ்சாலே நல்ல கதை கிடைக்கும். அடுத்து நேரம் கிடைக்கும்போது பெரொத்தே பத்தியும் புதுச்சேரி தாவரவியல் பூங்கா பத்தியும் தனியா எழுதணும், நிறைய இருக்கு.